படத்தில் விழாதது

உச்சிப்புளி அருகே,
10 மார்ச் 2003

அன்பு மச்சானுக்கு, பூமயில் எழுதுவது.

தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நானும் உயிரோடு இருக்கிறேன். கடைப் போனில் பேசும்போது அத்தை என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார். அதனால் “நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்” என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். உள்ளதைச் சொல்லக் கடிதம்தான் வழி.

நம் வீட்டு நீல டிரம்முக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. மூடியில் துளை போட்டு, சைக்கிள் சங்கிலியைக் கோத்து, சாவி அத்தையின் சுருக்குப் பையில். மழை இல்லாத இந்த வருஷம் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் நிறைய வீட்டு டிரம்மில் பூட்டுத் தொங்குகிறது. அதெல்லாம் வெளியாளுக்குப் போட்ட பூட்டு, நம் வீட்டுப் பூட்டு எனக்குப் போட்டது.

நான் நிறையக் குடிக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு குடம் குடித்தாலும் அடங்கவில்லை. குடித்தது அப்படியே பச்சைத் தண்ணீராக வெளியே போகிறது, மறுபடி நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டுகிறது. குடிக்காமல் இருந்து பார்த்தேன். தலை விண் விண்ணென்று தெறித்து, கண் சொருகிவிட்டது. அத்தை சொல்வது, “ஒங்கய்யா வீட்டுல இப்பிடித்தான் கொடங்கொடமா ஊத்தி வளத்தானா?” அந்த அய்யா அத்தையின் கூடப் பிறந்த தம்பிதான் என்பதை மறந்துவிடுகிறார்.

கல்யாணம் முடிந்து ராமேஸ்வரம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாம்பன் பாலம் வருவதற்குள் பாட்டில் பாட்டிலாகக் காலி செய்தேன். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி ஓடி வாங்கி வந்தீர்கள். “நான் ஊருணியைல்ல கட்டிட்டு வந்திருக்கேன்” என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த ஊருணிதான் எழுதுகிறது. அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நகை நட்டுக் கேட்கவில்லை, பூட்டைக் கழற்றினால் போதும்.

உங்கள்
பூமயில்


தம்மாம்,
31 மார்ச் 2003

பூமயிலுக்கு, குருநாதன் எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் முன்னால் பிரித்துத் தொலைத்தேன். நம்மூர் தனுஷ்கோடி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏலே, ஒம்பொண்டாட்டி தண்ணி கேட்டு மனுக் குடுத்திருக்காடா” என்று கத்துகிறான். அன்றிலிருந்து நான் லாரியை எடுக்கும்போதெல்லாம் “வீட்டுக்கும் ஒரு லோடு அனுப்புலே” என்கிறார்கள். உன்னால் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

பக்கத்து நாட்டில் குண்டு விழுகிறது. எப்போது எங்களைக் கிளம்பச் சொல்வார்கள் என்று மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறோம். நீ டிரம் பூட்டுக்கு அழுகிறாய். கேம்ப் கேம்ப்பாகத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். அனலில் நின்று கம்பி கட்டுகிறவன் எவ்வளவு குடிப்பான் என்பது எனக்கு அத்துப்படி. நிழலில் உட்கார்ந்து உலை வைக்கிற பொம்பளைக்கு அவனைவிட எதற்கு? நீ என்ன ஒட்டகமா?

அதுகூடப் போகட்டும். அம்மா போனில் இன்னொன்று சொன்னாள். பொங்கலன்று நீ வீட்டுக்குத் தூரமாகி ஒதுங்கி உட்கார்ந்திருந்தாயாம். அதற்குப் பிறகு உட்காரவே இல்லையாம். காலையில் எழுந்தால் வாந்தி வேறு எடுக்கிறாயாம். நான் விமானம் ஏறியது கார்த்திகையில். வாந்தி, தாகம், நின்றுபோனது, மூன்றையும் சேர்த்தால் என்ன என்று ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். ஊருணி என்று அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னேன். கண்டவனும் கால் நனைக்கிற ஊருணி என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

எவன் என்று மட்டும் எழுது. நீ எழுதாவிட்டாலும் தெரிந்துவிடும். வயிற்றை ஸ்கேன் எடுக்க ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போகும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

குருநாதன்


உச்சிப்புளி அருகே,
19 ஏப்ரல் 2003

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

“எவன்” என்று கேட்டீர்கள். உங்கள் அம்மாவைத் தவிர இந்த வீட்டில் என் முகத்தைப் பார்ப்பது இரண்டு ஆடும் ஒரு மாடும்தான். அதில் யார் மேல் சந்தேகம் என்று நீங்களே எழுதுங்கள்.

ராமநாதபுரம் போனோம். நடந்ததைக் கேளுங்கள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு நர்ஸ் பிள்ளை, “வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வாங்கக்கா, அப்பத்தான் படம் தெளிவா விழும்” என்றது. அத்தை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைக்கும் வாசலுக்குமாக நடந்து, சொந்தக் காசில் எனக்குப் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். எவனோ ஒருத்தன் பிள்ளையைத் தேடி என் வயிற்றைப் படம் பிடிக்கப் போகிறார்கள், நானோ தொண்டை குளிர்ந்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு கேடுகெட்ட சந்தோஷம். நினைத்தால் எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

படத்தில் ஒன்றுமில்லை. “வயித்துல ஒண்ணுமில்லையே, யாரு சொன்னா உங்களுக்கு?” என்று டாக்டரம்மா அத்தையைக் கேட்டார். அத்தை திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். அது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் பூட்டு அதே இடத்தில் தொங்குகிறது.

முந்தாநாள் மாட்டுக்கு வைத்திருந்த கழனித் தண்ணீரை அள்ளிக் குடித்தேன். மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டார். இப்போது தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்து “ம்மா” என்று கத்துகின்றன.

எனக்குள் ஏதோ இருக்கிறது. வயிற்றில் இல்லை, தலையில். வலது கண்ணில் அடுப்புப் புகை படிந்த மாதிரி இருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய்த் தலையைப் படம் எடுக்கலாம் என்று உப்பூரிலிருந்து என் அண்ணன் வீரையா வந்து கேட்கிறான். அத்தை, “எம்மகன் சொல்லட்டும்” என்கிறார். சொல்லுங்கள்.

பூமயில்


தம்மாம்,
6 மே 2003

பூமயிலுக்கு,

வயிற்றில் ஒன்றுமில்லை. சரி. முதலிலிருந்தே ஒன்றுமில்லையா, இருந்ததை ஒன்றுமில்லாமல் ஆக்கினாயா? அதை எந்த மெஷினும் சொல்லாது, நீயும் சொல்ல மாட்டாய்.

தலையையும் பார்த்துவிடு. உன் அண்ணனோடு போ. பின்னால் யாரும் குருநாதன் வைத்தியம் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று. தலைப் படத்திலும் ஒன்றுமில்லை என்று வந்தால் அன்றோடு இந்தக் கூத்தை நிறுத்த வேண்டும். அம்மா ஊற்றுகிற தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சம்மதம் என்றால் போ.

குருநாதன்


உச்சிப்புளி அருகே,
22 மே 2003

படம் எடுத்தாயிற்று. பெரிய குழாய்க்குள் படுக்க வைத்துக் காதுப் பக்கத்தில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஆடாமல் அசையாமல் கிடந்தேன். உள்ளே இருப்பது எதுவானாலும் இன்றைக்குக் கண்ணில் பட்டுவிடு தாயே என்று கும்பிட்டேன். தலைக்குள் கட்டி வேண்டும் என்று கும்பிட்ட பொம்பளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஒன்றுமில்லையாம்.

“மனசுல என்னம்மா கவலை?” என்று கேட்டார் டாக்டர். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறினான். அத்தை அந்தக் கறுப்புப் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கே காட்டினார். “பாருங்கடி, எம்மருமக மண்டைக்குள்ள ஒண்ணுமில்லையாம்!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மச்சான், அந்தத் தலையோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறவள் நான். இருக்கிறது என்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை நம்புங்கள்.

பூமயில்


தம்மாம்,
8 ஜூன் 2003

பூமயிலுக்கு,

கடிதம் வருவதற்கு முன்பே அம்மா போனில் சொல்லிவிட்டாள். படம் பொய் சொல்லாது. மனுஷி சொல்லுவாள்.

இங்கேயும் இப்படி ஆட்கள் உண்டு. கோடை வந்தால் மயக்கம் என்று விழுவான். முதீர், எங்கள் மேனேஜர், வந்து நின்று அன்றைய சம்பளம் கிடையாது என்று சொன்னதும் எழுந்து வேலைக்குப் போவான். உனக்கும் அந்த வைத்தியம்தான். காலையில் ஒரு சொம்பு, பொழுது சாய ஒரு சொம்பு. அதற்கு மேல் ஒரு மடக்குக் கேட்டாலும் ஊற்றக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கழனிப் பானையையும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்தாயிற்று. கொஞ்ச நாள் துடிப்பாய், பிறகு தானாகத் தெளிந்துவிடும்.

உன்னை வெறுத்துச் சொல்லவில்லை. ஊரில் நாளைக்கு நானும் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.

குருநாதன்


மதுரை, ஆஸ்பத்திரி,
29 ஜூன் 2003

மச்சானுக்கு,

உங்கள் வைத்தியம் இரண்டாம் நாளே வேலை செய்தது.

ஆட்டுக் கொட்டடியில் விழுந்து கிடந்தேனாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாக்கு கட்டையாகிக் “தண்ணி” என்ற சொல்கூட வாயில் உருளவில்லை என்பதுதான். தண்ணீரே குடிக்கவில்லை, ஆனாலும் சேலை முழுக்க மூத்திரத்தில் நனைந்து கிடந்ததாம். அத்தை “நடிக்கிறா, கெடக்கட்டும்” என்று உலைக்கு அரிசி களைந்திருக்கிறார். எங்கள் வயல் மிளகாய் வற்றல் கொடுக்க வந்த அண்ணன் பார்த்துத் தூக்கியிருக்கிறான். அண்ணன் வராவிட்டால் நீங்கள் கேட்ட தெளிவு நிரந்தரமாகவே வந்திருக்கும்.

இங்கே பெரிய டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் குடிக்காமலே சேலை நனைந்தது என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? எனக்குத் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்தினார். உங்கள் அம்மா செய்த அதே காரியம். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸை உட்கார வைத்து, மணிக்கு மணி எடை பார்த்து, போகிற மூத்திரத்தை அளந்து, நான் சுருண்டதும் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார். மூக்கில் ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தாகம் போன இடம் தெரியவில்லை மச்சான். மருந்தைப் பார்த்து ஓவென்று அழுதேன். “ஒடம்புல தண்ணிய நிறுத்தி வைன்னு மூளை சொல்லணும். ஒங்க மூளை சொல்ல மாட்டேங்குது. மாசாமாசம் வர்றது நின்னுபோனதுக்கும் அதே எடந்தான் காரணம்” என்றார். நீங்கள் “எவன்” என்று கேட்டீர்களே, அவன் இருக்கிற இடம் அதுதான்.

மறுபடி தலையைப் படம் எடுத்தார்கள். அதிலும் கட்டி இல்லை. ஆனால் மூளைக்குள் இருக்கிற அறைகளில் நீர் தேங்கத் தொடங்கியிருக்கிறது. அதுதான் கண்ணை அழுத்துகிறதாம். தலையில் சின்னதாய்த் துளை போட்டு, விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். நீருக்கும் வழி பண்ணலாம், படத்தில் விழாத அளவு சின்னதாய் ஏதாவது ஒட்டியிருந்தால் கண்ணால் பார்த்துக் கிள்ளியும் எடுத்து வரலாமாம். தள்ளிப் போட்டால் கண் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் கையெழுத்துப் போடப் பயப்படுகிறான். “கட்டிக்குடுத்த புள்ள. மண்டையத் தொறந்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்கிறான். அய்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். போனில் பேசக் கூப்பிட்டால் நீங்கள் வர மறுக்கிறீர்கள். சரி என்று ஒரு வரி எழுதி, கீழே பேரைப் போட்டு அனுப்புங்கள். பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள், என் கண்ணும் சேர்ந்துதான்.

பூமயில்


தம்மாம்,
16 ஜூலை 2003

பூமயிலுக்கு,

திருடிக் குடித்த தண்ணீர் தலைக்கு ஏறிவிட்டதா?

நன்றாகக் கதை சொல்கிறார்கள். வயிற்றில் தேடினீர்கள், இல்லை. தலையில் தேடினீர்கள், இல்லை. மறுபடி தேடினீர்கள், மறுபடி இல்லை. படத்தில் இல்லாததைத் தேட ஓட்டை போட்டுப் பார்ப்பானாம். வீட்டில் நகை காணோம் என்றால் சுவரை இடித்தா பார்ப்பார்கள்? மூக்கில் ஒரு சொட்டு விட்டதும் தாகம் போய்விட்டது என்று நீயே எழுதுகிறாய். அப்படிப் போகிற தாகம் என்ன தாகம்? வெறும் தண்ணீரை விட்டு ஏமாற்றியிருப்பான், நீயும் நம்பியிருப்பாய். மனசுதான் காரணம் என்று முதலில் தலையைப் பார்த்த டாக்டர் சொன்னது அதனால்தான் சரி.

கையெழுத்துப் போட மாட்டேன். தனுஷ்கோடியின் மச்சினன் ஒருவனுக்கு இப்படித்தான் தலையில் கத்தி வைத்தார்கள். இப்போது வாயோரம் எச்சில் ஒழுக வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அந்த மாதிரி ஒன்றை உட்கார வைத்துச் சோறு போட நான் பாலைவனத்தில் வேகவில்லை. என் பேச்சை மீறி மண்டையைத் திறந்தால், மொட்டைத் தலையோடு என் வீட்டு வாசலை மிதிக்காதே.

குருநாதன்


மதுரை, ஆஸ்பத்திரி,
12 ஆகஸ்ட் 2003

மச்சானுக்கு,

எழுத்துப் பெரிது பெரிதாகக் கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

உங்கள் பதிலை அண்ணன்தான் வாசித்தான். “எச்சில் ஒழுக” என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். மிச்சத்தையும் வாசிடா என்று நான்தான் அதட்டினேன். டாக்டர் கேட்டுவிட்டு, “ஒங்களுக்கு வயசு வந்துருச்சு, புத்தி தெளிவா இருக்கு. நீங்களே போடலாமேம்மா” என்றார். இத்தனை வாரம் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கட்டிக்கொடுத்த பிள்ளையின் தலை கட்டினவனுக்குச் சொந்தம் என்று எங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு நினைப்பு. பேப்பரை வாங்கிப் பூமயில் என்று போட்டேன். வலது கண் அதற்குள் இருட்டிவிட்டது. பதிலுக்குக் காத்திருந்த நாளில் போனது அது. நீங்கள் பதில் போடத் தாமதித்தீர்கள் என்று சொல்ல மாட்டேன், நான் காத்திருந்தேனே, அதைத்தான் சொல்கிறேன்.

உள்ளே பார்த்ததை டிவியில் போட்டு அண்ணனுக்குக் காட்டினார்கள். அறைக்குள் நீர் தெளிவாக இருந்ததாம். அடிச்சுவரில் பொடிப் பொடியாக வெள்ளை. “கருவாட்டுல உப்புப் பூத்திருக்குமே, அது கணக்கா இருந்துச்சு பூமயிலு” என்றான். சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான். அந்த உப்பளவுதான் மச்சான். அது எந்தப் படத்திலும் விழாது, உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியுமாம். ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதித்தார்கள். கட்டி வகைதான். ஆனால் கரண்டு வைத்தால், அதாவது கதிர் பாய்ச்சினால், கரைந்துவிடுகிற கட்டியாம். பிழைத்துக்கொள்வேன் என்கிறார்கள். போன கண் வராது.

உங்களிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கரண்டு வைக்க வாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “நீ சொன்னது நிஜம்” என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதை அண்ணனை விட்டு உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறேன். அது போதும் எனக்கு.

பூமயில்


தம்மாம்,
1 செப்டம்பர் 2003

பூமயிலுக்கு,

நீ கேட்ட வரியை எழுதுகிறேன். நீ சொன்னது நிஜம்.

உனக்கு நோய் இருந்திருக்கிறது. டாக்டர் கண்ணால் பார்த்துவிட்டார், இனி நான் மறுக்க முடியாது. ஆனால் எப்போதிலிருந்து? அதையும் நீயே எழுதியிருக்கிறாய். உன் கடிதம் ஒன்றையும் நான் எறியவில்லை. மார்ச் மாதம் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். கல்யாணம் முடிந்து ராமேஸ்வரம் போனபோதே பாட்டில் பாட்டிலாகக் குடித்தாய். அப்போதே அந்தக் கட்டி உன் தலைக்குள் இருந்திருக்கிறது. தாலி ஏறும்போதும் இருந்திருக்கிறது. மாமாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? நோயாளிப் பெண்ணைச் சொந்த அக்காள் மகன் தலையில் கட்டிவிட்டு, ஊமை மாதிரிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தவரை உன்னைத் திருத்தி வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அது போயிற்று. ஒரு கண், மொட்டைத் தலை, பிள்ளை பிறக்குமா என்பதும் தெரியாது. எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா?

உறவை அத்துவிடச் சொல்லிப் பெரியவர்களுக்கு எழுதிவிட்டேன். உன் மார்ச் மாதக் கடிதத்தையும், ஆஸ்பத்திரியில் கட்டி என்று சொன்னதாக நீ எழுதிய கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட வரியை அவர்கள் முன்னாலேயே வாசிப்பார்கள். அம்மாவும் கேட்பாள்.

குருநாதன்


உப்பூர்,
7 டிசம்பர் 2003

குருநாதன் அவர்களுக்கு,

இது கடைசிக் கடிதம். இதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கேயாவது உதவும்.

கரண்டு வைத்து முடிந்துவிட்டது. தலையில் முடி ஒரு பக்கம் மட்டும் முளைக்கிறது. மூக்குச் சொட்டு மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் ஏது? சோடாக் கடை மஜீதா அக்கா தன் பெட்டியில் கலர் பாட்டில்களுக்கு நடுவே வைத்திருக்கிறது. “ஒம்மூளையக் கொஞ்சம் எடுத்துட்டுப் போடி” என்று காலையில் கூப்பிடும். ஓடிப்போய் மூக்கில் விட்டுக்கொண்டு வருவேன். எல்லோரும் குடிக்கிற அளவுதான் இப்போது நானும் குடிக்கிறேன்.

போன வாரம் உங்கள் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் கூடினார்கள். நீங்கள் இல்லாமலே நம்மை அத்துவிட்டார்கள். என் ராமேஸ்வரத்துக் கதையை ஒருத்தர் சத்தம் போட்டு வாசித்தார். ஊருணி என்ற இடத்தில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். “மறச்சுக் கட்டிக் குடுத்தியாப்பா?” என்று அய்யாவைக் கேட்டார்கள். அய்யா, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். நம்பவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்ன மெஷினை ஊரே நம்பியது. ஒன்றும் தெரியாது என்று சொன்ன அய்யாவை ஒருத்தரும் நம்பவில்லை. “நீ சொன்னது நிஜம்” என்ற உங்கள் வரியையும் வாசித்தார்கள். அதைக் கேட்கத்தானே அத்தனை பாடுபட்டேன்! கேட்டதும் எழுந்து என் பாத்திரங்களை எடுக்கப் போனேன்.

என் அண்டாவையும் வெண்கலப் பானையையும் அண்ணன் வண்டியில் ஏற்றினான். கிளம்பும்போது உங்கள் அம்மா சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஊர் பார்க்கட்டும் என்று எடுத்தாரா, தம்பி மகள் என்ற ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்ததா, எனக்குத் தெரியாது. டிரம்மைத் திறந்து ஒரு சொம்பு நிறைய மொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

“குடிச்சிட்டுப் போ தாயி. வெயில்ல வந்திருக்க.”

சொம்பு விளிம்பு வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் கேட்காமலே தண்ணீரை மொண்டு என் கையில் யாரும் கொடுத்ததில்லை.

“தாகமில்ல அத்தே” என்றேன்.

முற்றத்தில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, “நடிக்காத. குடி” என்றார்.

நான் நடிக்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தாகமில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

சேதுராமன் மகள்
பூமயில்